வீட்டுச் சமையலை விற்கப் பதிவு செய்தவர்களே, சோதனைக்கு வந்த அன்று என்ன நடந்தது?

அதிகாரி வருகிறார் என்றதும் முந்தின நாள் முழுக்க அடுப்படியைத் தேய்த்துக் கழுவினேன். வந்தவர் சுவரையும் தரையையும் ஒரு பார்வை பார்த்ததோடு சரி. மூடி வைத்திருந்த பெரிய பாத்திரத்தைக் காட்டி, "இந்த சூப்பை எப்போது இறக்கினீர்கள்?" என்று கேட்டார். "நாலு மணி நேரம் ஆச்சு சார், ஆறிடுச்சு" என்றேன். வெளியே தொட்டால் சூடே தெரியவில்லை. பையிலிருந்து குச்சி போன்ற வெப்பமானியை எடுத்து நடுவில் இறக்கினார். 48 டிகிரி!

கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான். அதனால் 60-இலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அங்கிருந்து 5-க்கு அடுத்த நாலு மணி நேரத்துக்குள். மறுபடி கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துவிடும் என்றுதான் இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். சில கிருமிகள் விட்டுவைக்கும் நஞ்சு கொதித்தாலும் போகாதாம். அந்தப் பாத்திரத்தை அப்படியே கொட்டினேன். வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதைத்தானே கொடுத்திருப்பேன் என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

•

அக்கா, எனக்குச் சிக்கல் லேபிளில் வந்தது. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதச் சொன்னார்கள், எழுதினேன். ஆனால் 'நட்ஸ்' என்று மொத்தமாகப் போட்டிருந்தேன். வேர்க்கடலையா, பாதாமா, முந்திரியா என்று தனித்தனியாகப் பெயர் சொல்ல வேண்டுமாம். அப்போது அது வீண் கெடுபிடியாகத் தெரிந்தது. அப்புறம் ஒரு நாள் ஓர் அம்மா போன் செய்து, "வேர்க்கடலை கிளறிய கரண்டியிலேயே மற்றதையும் கிளறுவீர்களா?" என்று கேட்டார். அவர் பையனுக்கு அது பட்டாலே தொண்டை வீங்குமாம். ஆமாம் என்று உண்மையைச் சொன்னேன், வாங்கவில்லை. அதற்கப்புறம் வேர்க்கடலைக்குத் தனிக் கரண்டி, தனிச் சட்டி. அதைச் செய்வதும் கடைசியில்தான். இருந்தாலும், இதே அடுப்படியில் வேர்க்கடலை புழங்குகிறது என்று லேபிளில் எழுதியே விற்கிறேன்.

•

எனக்கு ஜாம், பிஸ்கட் இரண்டுக்கும் அனுமதி கிடைத்தது. எண்ணெயில் ஊறவைத்த பூண்டுக்கு மட்டும் மறுத்துவிட்டார்கள். பூண்டில் புளிப்பு குறைவு, எண்ணெய்க்குள் காற்றும் புகாது. பொட்டுலிசம் என்ற, உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சு நோயை உண்டாக்கும் கிருமி வளர இந்த இரண்டும் தோதானவை. அதன் நஞ்சுக்கு வாசனை கிடையாது, ருசியும் மாறாது. புளிப்பை அளக்கும் பிஎச் 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. அதை ஆய்வகத்தில் சோதித்துக் காட்டாமல் விற்கக் கூடாது என்றார்கள். நியாயம்தான், விட்டுவிட்டேன்.

முதலில் எழுதிய அக்காவிடம் ஒன்று கேட்கணும். இப்போது எப்படி ஆற வைக்கிறீர்கள்?

•

அகலமான தட்டுகளில் இரண்டு விரல் ஆழத்துக்கு ஊற்றி, ஐஸ் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் வைத்துக் கிளறுகிறேன் தங்கச்சி. இறக்கிய நேரத்தை ஒரு நோட்டில் குறித்துவிடுவேன். பக்கத்திலேயே வெப்பமானியும் இருக்கும்.