புதுப்பிப்பு: 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாதிக்கு மேல் வந்துவிட்டது

மூன்று மாதத்துக்கு முன்பு இங்கே கேட்டிருந்தேன்: மெட்டாலிக்கா என்ற மெட்டல் இசைக்குழுவின் இந்த 1986 பாடலைக் கிட்டாரில் வாசிக்கும்போது இரண்டாவது நிமிடத்திலேயே வலது முன்னங்கை கல்லாக இறுகிவிடுகிறது, என்ன செய்வது என்று. பாடலோ எட்டரை நிமிடம்!

வேகத்தைக் குறையுங்கள் என்றுதான் பலரும் சொன்னீர்கள். கேட்டேன். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 140 தட்டில் வைத்துத் தொடங்கி, வாரத்துக்கு ஐந்தைந்தாக ஏற்றி இப்போது 195. அசல் 210-ஐத் தாண்டும். குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் மாதிரி எல்லாமே கீழ்நோக்கிய அடிதான். மேலும் கீழுமாக அடித்தால் சுலபம், ஆனால் அந்தக் கடுமை போய்விடுகிறது. கோளாறு என் பிடியில் இருந்தது. பிக்கை (தந்தியை மீட்டும் சிறு தகடு) நசுக்கிப் பிடித்து முழங்கையிலிருந்து அடித்துக்கொண்டிருந்தேன். நுனி மட்டும் அரை சென்டிமீட்டர் தெரிகிற மாதிரி பிடித்து, மணிக்கட்டை மட்டும் ஆட்டியதும் வலி பாதியாகக் குறைந்தது.

அப்புறம் சரணத்து ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி. நான்காவது சுற்று முழுதாக முடியாமல் சட்டென்று வெட்டிக்கொள்ளும். அதை எண்ணிப் பார்த்துத் தோற்றேன். வாயால் பாடிப் பாடித்தான் கைக்கு வந்தது.

நடுவில் வரும் அமைதியான பகுதியை என்னால் அலுக்காமல் வாசிக்க முடிகிறது. அங்குள்ள மெதுவான சோலோ (தனி வாசிப்பு) ஹெட்ஃபீல்டுடையது. அதுவரை சரி. அடுத்தது குழுவின் இன்னொரு கிட்டார் கலைஞர் கிர்க் ஹாம்மெட்டின் வேகமான சோலோ, நாளை முதல் நான்கு நான்கு சுரமாக.