காபரேட்டர் கொரோலாவா, ஈ.எஃப்.ஐ. கொரோலாவா? பழைய கார் வாங்கப்போற எனக்கு விளக்கம் வேணும்

வெல்லாவெளி ரீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். பழைய கார் ஒண்டு வாங்கப் பாக்கிறன். இரண்டு கார் அமைஞ்சிருக்கு, இரண்டும் டொயோட்டா கொரோலா, 1300 சிசி. ஒண்டு ஈஈ90 மொடல், காபரேட்டர் எஞ்சின் (காத்தோட பெற்றோலக் கலக்கிற பழைய முறை). களுவாஞ்சிகுடியில ஓய்வுபெற்ற அதிபர் ஒராள் வச்சிருக்கார். பெயின்ற், சீற் எல்லாம் துப்புரவு. மற்றது ஈஈ101 மொடல், ஈ.எஃப்.ஐ. (கம்பியூட்டர் பெட்டி பெற்றோல அளந்து விடுற முறை), ஏறாவூரில நிக்குது, விலை கூட.

எனக்கு ஒவ்வொரு நாளும் பட்டிருப்புப் பாலம் தாண்டிப் பள்ளிக்கூடம் போகவேணும். அப்பாவ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் கொண்டுபோகவேணும். தம்பி பதுளையில ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில படிக்கிறான், அவனையும் இடைக்கிடை மகா ஓயா, பிபிலை, லுணுகலை வழியாப் போய்ப் பாக்கவேணும்.

மாமா சொல்றார், காபரேட்டர எடு, வழியில நிண்டா ஸ்குரூ டிரைவரோட சரிப்படுத்தலாம், மற்றதில கம்பியூட்டர் பெட்டி போனா காரே போச்சு எண்டு. பள்ளிக்கூடத்தில சேர்மார் காபரேட்டர் பக்கமே போகாதீங்க எண்டுறாங்க. ஏன் எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்றாங்க இல்ல. விசயம் விளங்கினா நானே முடிவெடுப்பன்.

செங்கலடி கராஜ்

ரீச்சர், உங்கட மாமா சொன்னது ஒரு காலத்தில முழு உண்மை. இப்ப பாதிதான்.

காபரேட்டர் எப்பிடி வேலை செய்யுதெண்டு முதல் பாருங்க. எஞ்சின் காத்த இழுக்கக்குள்ள அந்தக் காத்து ஒடுங்கின கழுத்தால வேகமாப் போகும். வேகம் கூட, அமுக்கம் குறையும். அந்தக் குறைவுதான் ஜெட் ஓட்டையால பெற்றோல உறிஞ்சி எடுக்குது. ஜெட் ஓட்டையின்ட அளவு போட்டது போட்டபடி. காத்து சூடா, குளிரா, மலையா, கடற்கரையா எண்டு அதுக்குத் தெரியாது. கடற்கரைப் பக்கம் கல்லடியில சரியா டியூன் பண்ணின காபரேட்டரப் பதுளைக்கு ஏத்தினா, ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில காத்து ஐதாகி, பெற்றோல் பங்கு கூடிப்போகும். கார் நிண்டுபோகாது, ஏறும். ஆனா லுணுகலை ஏத்தத்தில இழுவை குறைஞ்சது உங்களுக்கே தெரியும்.

ஈ.எஃப்.ஐ.யில ஒரு சென்சர் எஞ்சின் இழுக்கிற காத்தின்ட அமுக்கத்த அளக்கும், இன்னொண்டு காத்தின்ட சூட்ட, இன்னொண்டு தண்ணிச் சூட்ட. கம்பியூட்டர் பெட்டி கணக்குப் பாத்து, பெற்றோல் தூவுற இன்ஜெக்டர் எத்தின மில்லிசெக்கன் திறக்கவேணும் எண்டு சொல்லும். எரிஞ்ச புகைய ஒட்சிசன் சென்சர் பாத்து, 14.7 பங்கு காத்துக்கு 1 பங்கு பெற்றோல் எண்ட கணக்குக்குத் திருத்திக்கொண்டே இருக்கும். எண்ணெய்ச் செலவு குறையிறது இதாலதான். வருசா வருசம் லைசன்சுக்கு முதல் புகைப் பரிசோதனைக்குப் போறதும் கரைச்சல் இல்ல. காபரேட்டர் காரெண்டா அந்தக் கிழமை பெற்றோல் பங்கு வைக்கிற மிக்சர் ஸ்குரூவக் குறைச்சுப் பாஸ் எடுப்பாங்க, பிறகு அக்சிலேட்டர மிதிச்சா இழுபடாம விக்கும். திரும்பவும் கராஜுக்கு வரவேணும்.

கச்சான் காத்து வீசுற சூடான மாதங்களில இன்னொரு பிரச்சினை. கார ஓட்டி வந்து வெயிலில நிப்பாட்டினா, எஞ்சின் சூட்டில காபரேட்டர் கிண்ணத்தில கிடக்கிற பெற்றோல் கொதிச்சு ஆவியாகும். கொஞ்ச நேரத்தால ஸ்டார்ட் பண்ணினா எடுக்காது. அப்பாவோட கிளினிக் முடிஞ்சு வெளிய வந்து நிக்கிற ஆளுக்கு இது பெரிய விசயம்.

மாமா சொன்ன ஸ்குரூ டிரைவர் கதைக்கு வாறன். கிண்ணத்துப் பெற்றோல் மட்டத்த வைக்கிற ஃபுளோட்ட அளந்து, காதால கேட்டு மிக்சர் வைக்கிற பழைய மெக்கானிக் பாஸ்மார் வயசாகி ஒதுங்கிட்டாங்க. என்னட்ட வேலை பழக வாற பொடியன்மாருக்கு அந்தக் கை இல்ல, பழகுறதுக்கு அப்பிடிக் கார் வாறதும் குறைவு. இன்னொண்டு, அந்தக் காலத்து ஜப்பான் காபரேட்டருக்கு மெல்லிய வெக்கியூம் குழாய் நிறைய வரும். வெடிச்ச குழாயக் கழட்டி ஆணியால அடைச்சுவச்ச காருகள நான் கிழமைக்கொருக்காக் காணுறன். சில காருகளில வேற எஞ்சினுட காபரேட்டரையே பூட்டியிருப்பாங்க. ஐடில் நிக்கும், ஆனா பெற்றோல் ஆறாப் போகும். அதிபர்ட கார் துப்புரவு எண்டு பெயின்றப் பாத்துச் சொல்லாதீங்க, பொனற்றத் திறந்து அந்தக் குழாயளப் பாருங்க.

என்னைக் கேட்டா ஈஈ101. அதில இருக்கிற 4ஈ-எஃப்ஈ எஞ்சின் நம்பி எடுக்கலாம். ஆனா வயரிங் வெட்டுப்படாம இருந்தா மட்டும். ரேடியோ செற், அலாரம் பூட்ட எண்டு டாஷ்போட்டுக்குக் கீழ வெட்டி ஒட்டின கார் எண்டா விட்டுட்டு வாங்க. பெட்டி தன்பாட்டில பழுதாகிறது குறைவு. பற்றரிய மாறிக் கொழுவி, வயரக் கழட்டாம வெல்டிங் போட்டு மனிசர்தான் பழுதாக்கிறது.

சம்மாந்துறை வயல்காரன்

தங்கச்சி, கராஜ்காரத் தம்பி சொன்னதில பிழை இல்ல. ஆனா எண்ட பக்கத்தையும் கேளுங்க. நான் வச்சிருக்கிறது நிசான் சன்னி பி12, காபரேட்டர். வயல் றோட்டில பற்றரி இறங்கினா ரெண்டு பேர் தள்ளினா எடுத்திடும். ஈ.எஃப்.ஐ.யில பம்பும் பெட்டியும் கரண்ட் இல்லாம வேலை செய்யாது, பற்றரி அடியோட செத்தா தள்ளியும் பிரயோசனம் இல்ல. எண்ட காபரேட்டர நானே கழுவுவன், ஜெட்டில அடைக்கிற ஊத்தய ஊதி எடுப்பன். அதுக்கு மனசிருக்கிற ஆளுக்குக் காபரேட்டர் நல்லதுதான்.

ஒரு புத்தி சொல்றன். 2011 ஜனவரி வெள்ளம் மாதிரி வெள்ளங்கள் எங்கட ரெண்டு மாவட்டத்துக்கும் புதிசில்ல. வெள்ளத்துக்குள்ள நிண்ட கார எவரும் சொல்லி விக்கமாட்டாங்க. ஈ.எஃப்.ஐ. எடுக்கிறதெண்டா கார்ப்பெற்றத் தூக்கிப் பாருங்க, சீற்றுக்குக் கீழ ஆணியில துருப் பிடிச்சிருக்கா, மண் படிஞ்சிருக்கா எண்டு. தண்ணி குடிச்ச கனெக்டர் பச்சை பூத்திருக்கும்.

காத்தான்குடி பார்ட்ஸ்

சாமான் பக்கத்தால மட்டும் சொல்றன். 4ஈ-எஃப்ஈ ஈஈ111லயும் ஸ்டார்லெற் ஈபி82லயும் வந்த எஞ்சின், அதால கழட்டின இன்ஜெக்டர், சென்சர், பெட்டி எல்லாம் தேடினாக் கிடைக்கும். காபரேட்டர் கிற் கிடைக்குது, ஆனா கூடுதலாக் கொப்பிதான். டயஃப்ரம் ரப்பர் கெதியா இறுகிப்போகுது எண்டு வாங்கின ஆக்களே வந்து சொல்றாங்க.

வெல்லாவெளி ரீச்சர்

எல்லாருக்கும் நன்றி. இப்பதான் விசயம் பிடிபட்டது. காபரேட்டரக் கழட்டிக் கழுவுற நேரமும் கையும் எனக்கில்ல, அதால ஏறாவூர்க் காரத்தான் எடுக்கப் பாக்கிறன். ஒரு சந்தேகம். அந்தக் காரில சாவியப் போட்டப்ப செக் எஞ்சின் லைற் எரியவே இல்ல. விக்கிற ஆளக் கேட்டதுக்கு, பழுது ஒண்டும் இல்ல, அதான் எரியல்ல எண்டார். சரியா?

செங்கலடி கராஜ்

பிழை ரீச்சர். சாவிய ஓன் பண்ணினா அந்த லைற் கட்டாயம் எரியவேணும், எஞ்சின் ஸ்டார்ட்டான பிறகு அணையவேணும். எரியவே இல்லையெண்டா பல்பு போயிருக்கும், இல்லாட்டிக் கழட்டியிருப்பாங்க. முதல் வேலையா அந்தப் பல்பப் போடச் சொல்லுங்க, உங்கட முன்னால.

பிறகு பொனற்றுக்குள்ள ஒரு சின்ன டயக்னோசிஸ் பெட்டி இருக்கு. அதில டீஈ1, ஈ1 எண்ட ரெண்டு முனையையும் துண்டு வயரால தொடுத்து, எஞ்சின ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் ஓன் பண்ணினா லைற் மின்னும். ஒரே தாளத்தில விடாம மின்னினாக் கோளாறு பதியல்ல. ரெண்டு தரம் மின்னி, நிண்டு, திரும்ப ரெண்டு தரம் எண்டா 22, தண்ணிச் சூட்டு சென்சர். மூண்டும் ஒண்டும் எண்டா 31, அமுக்க சென்சர். நாலும் ஒண்டும் 41, திரொட்டில் சென்சர். முனை மாறித் தொடுத்தாப் பியூஸ் போகும், அதால தெரிஞ்ச ஆள வச்சுச் செய்யுங்க.

விக்கிற ஆள் பற்றரிய அண்டைக்குக் கழட்டிப் போட்டிருந்தாப் பதிவு அழிஞ்சிருக்கும். அதால முதல் செங்கலடி வரைக்கும் ஓட்டி வாங்க, எஞ்சின் சூடாக இருக்கக்குள்ள நான் பாத்துத் தாறன். டைமிங் பெல்ற் எப்ப மாத்தினது எண்டும் கேட்டு வாங்க. 1 லட்சம் கிலோமீற்றருக்கு ஒருக்கா மாத்தவேணும், பில் இல்லையெண்டா மாத்தல்ல எண்டு எடுத்து அந்தக் காசயும் விலையில குறைக்கச் சொல்லுங்க.