குன்னூர் ஹாலில் அடங்காத ஹம் சத்தம், எர்த்தா கிட்டாரா?

வரும் சனிக்கிழமை குன்னூரில் ஒரு பழைய பங்களாவின் கஃபே ஹாலில் கோவை இண்டி பேண்ட் ஒன்று வாசிக்க வருகிறது. 40 பேர் உட்காரும் இடம். சொந்தப் பாட்டு பாடும் பிள்ளைகள் மலையேறி வருவது இங்கே அபூர்வம், அதனால்தான் இவ்வளவு பதற்றம்.

கிட்டார் ஆம்பை மட்டும் போட்டால் லேசான சத்தம். சவுண்ட் மிக்ஸரோடு சேர்த்தால் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' பாட்டையே முழுங்கிவிடுகிறது. கிட்டார் கம்பியைத் தொட்டால் பாதி குறைகிறது. கிட்டாரில் இருப்பது சிங்கிள் காயில் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வோடு ஹம்மையும் எளிதில் பிடித்துவிடும் ஒற்றைச் சுருள். மூன்று வாரமாக இப்படித்தான்.

கேபிள் மாற்றினோம். எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயிண்டுக்குக் கொண்டுவந்தோம். டிம்மர் விளக்கை அணைத்தும் பயனில்லை. கிட்டாரை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில், சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போட்டதும் கொஞ்சம் அடங்கியது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வழக்கத்தைவிட அதிகமாக 18 வோல்ட் காட்டுகிறது. பிளக்கின் எர்த் ஒயரைக் கழற்றிவிடச் சொன்னார் ஒருவர். பாடுகிறவர் மைக்கில் வாய் வைத்ததும் ஷாக் அடிக்கலாம், அதை மட்டும் செய்ய மாட்டோம்.

கையில் இருப்பது இரண்டு நாள். எர்த் குழியைச் சரிபார்ப்பதா, கிட்டாருக்குள் ஹம்மைத் தடுக்கும் உலோகத் தாளை (ஷீல்டிங்) ஒட்டுவதா, முதலில் எதைச் செய்ய?