படிக்கிற காலத்தில் தம் அடித்தவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நான் கோவையில் இன்ஜினியரிங் சேர்ந்தது 2016-இல். அந்த வருடம் ஏப்ரலில்தான் சிகரெட் பெட்டியில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போடுவது கட்டாயமானது. ஆனால் மூன்று வருடம் பிடித்த நான் அந்தப் படத்தை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை, ஏனென்றால் ஒரு தடவைகூடப் பெட்டியாக வாங்கியதில்லை. கல்லூரி கேட்டுக்கு எதிரே டீக்கடை அண்ணன் ஒன்று மட்டும் உருவித் தருவார், தூணில் கயிறு கட்டித் தொங்கவிட்ட லைட்டரில் பற்ற வைத்து, டீ ஆறுவதற்குள் முடித்து, ஒரு ஹால்ஸை வாயில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு ஓடுவோம்.

தெரியாமல் பிடித்தோம் என்று சொல்ல மாட்டேன். கேன்சர் வரும் என்று எல்லாருக்கும் தெரியும், அது அறுபது வயதில்தானே, அதற்குள் விட்டுவிடலாம் என்றுதான் நினைப்பு. மாரடைப்பு, காசநோய், ரத்தக்குழாய் அடைப்பு இதெல்லாம் எங்கள் செட்டில் ஒருவன் வாயிலும் வந்ததில்லை. மூன்றாம் வருடம் பக்கத்து வீட்டு அண்ணனை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். வயது 36, சர்க்கரை கிடையாது, வலது கால் கட்டைவிரல் மட்டும் கரிக்கட்டை மாதிரி கட்டுக்கு வெளியே தெரிந்தது. பர்ஜர் நோயாம், புகையிலையால் கை கால் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும் நோய். பீடி, சிகரெட்டை நிறுத்தாவிட்டால் விரலோடு நிற்காது என்று டாக்டர் அவர் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று பஸ் ஸ்டாண்டில் வாங்கியதைப் பற்ற வைக்க முடியவில்லை, சில மாதத்தில் முழுசாக விட்டேன்.

கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்று 2003 புகையிலைச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த போர்டு எங்கள் காம்பவுண்ட் சுவரில் இருந்தது, அதன் கீழேதான் பைக்கை நிறுத்துவோம். உதிரியாக விற்பதை நிறுத்தாமல் பெட்டியில் எவ்வளவு பெரிய படம் போட்டாலும் மாணவன் கண்ணில் படாது என்பது என் கருத்து.

---

அண்ணா, நான் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பா ஒரு கல்லூரி பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருந்தார். ஒரு நாள் அதிகாரிகள் வந்து 200 ரூபாய் அபராதம் போட்டார்கள், மறுநாள் சிகரெட் முன்பலகையிலிருந்து முறுக்கு டின்னுக்குப் பின்னால் போனது, அவ்வளவுதான். சிகரெட்டில் நிற்கும் காசு சொற்பம், ஆனால் அதற்கு வரும் பையன்தான் டீயும் வடையும் சாப்பிடுகிறான் என்பார் அப்பா. பள்ளி யூனிஃபார்மில் வந்தால் கொடுக்கவே மாட்டார், "அப்பா வாங்கிவரச் சொன்னார்" என்று கலர் சட்டையில் வந்து நிற்பவனை என்ன செய்வது? 18 வயது ஆகிவிட்டதா என்று அடையாள அட்டை கேட்டால் பையன் அடுத்த கடைக்குப் போய்விடுவான். வாரம் இரண்டு தடவை சப்ளை வண்டி எங்கள் கடை வாசலிலேயே சரக்கு இறக்கியது, அதை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடைக்காரரை மட்டும் பிடித்தால் போதாது, 100 கஜத்துக்குள் கொண்டுவந்து கொடுப்பவரையும் பிடிக்க வேண்டும்.

---

நான் இப்போது இரண்டாம் வருடம், ஹாஸ்டல். முதல் பதிவில் சொன்னது அப்படியே என் கதைதான், நானும் உதிரிதான் வாங்குவேன். ரூம்மேட் போட்டுவிட்டுப் போன காலிப் பெட்டியில் புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற நம்பரைப் பார்த்தேன், 2018-லிருந்தே அச்சடிக்கிறார்களாம், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். திட்டுவார்கள் என்று பயந்தபடிதான் கூப்பிட்டேன். காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்றுதான் முதலில் கேட்டார்கள், அதற்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது, பல் துலக்குவதற்கு முன்னாலேயே. முதல் மூன்று நாள் தலைவலியும் எரிச்சலும் தாங்கவில்லை, ரூம்மேட்டிடம் சண்டைகூடப் போட்டேன். இன்று 11-ஆவது நாள். டீக்கடைப் பக்கம் போகவில்லை, மெஸ் டீதான்.