வேப் சுவைத் தடை: சட்ட வாசகத்தில் ஓட்டை எங்கே விழுகிறது?

கேள்வி: பொதுநலன்24

வணக்கம். இந்தியாவில் 2019 சட்டத்தோடு மின்சிகரெட்டே (வேப்) மொத்தமாகத் தடை, அதனால் சுவையூட்டிக்கென்று தனி விதி தேவைப்படவில்லை. விற்பனையை அனுமதித்துவிட்டுச் சுவையை மட்டும் கட்டுப்படுத்தும் நாடுகளைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். அமெரிக்காவில் 2020 தொடக்கத்திலேயே பழச்சுவைக்குத் தடை என்று படித்தேன். ஆனால் 2024 மாணவர் கணக்கெடுப்பில், வேப் புகைக்கும் பள்ளிப் பிள்ளைகளில் 87.6 சதவீதம் பேர் சுவையூட்டியதையே புகைக்கிறார்கள், அதிலும் பழச்சுவைதான் முதலிடம் என்று வருகிறது. தடை ஏன் பலிக்கவில்லை? இன்னொன்று: கேக்கிலும் ஐஸ்கிரீமிலும் போடுகிற எசன்ஸ்தானே, அதை எந்த அடிப்படையில் ஆபத்து என்கிறார்கள்? ஓட்டை விழாத விதி என்றால் அதில் என்னென்ன இருக்க வேண்டும்?

வரைவாளர்

2020-ல் வந்தது தடைச் சட்டம் அல்ல என்பதிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ-வின் அனுமதி பெறாத எல்லா மின்சிகரெட்டுமே 2016 விதிப்படி சட்டத்துக்குப் புறம்பானதுதான். எதன்மேல் முதலில் நடவடிக்கை எடுப்போம் என்று வரிசைப்படுத்தி 2020 ஜனவரியில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். புகையிலை, மெந்தால் தவிர மற்ற சுவையுள்ள கார்ட்ரிட்ஜ் (கழற்றி மாட்டும் திரவக் குப்பி) வகைக்கு அதில் முதலிடம். ஜூல் போன்ற, அந்தக் குப்பியை மாட்டும் கருவிகளை மனதில் வைத்து எழுதிய வாசகம் அது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வகையில் கழற்றி மாட்டும் கார்ட்ரிட்ஜே கிடையாது, எனவே அது வாசகத்துக்கு வெளியே நின்றது. பஃப் பார் போன்ற பிராண்டுகள் அந்த இடைவெளியில்தான் பெருகின.

அடுத்த ஓட்டை நிகோட்டினின் மூலம். 2009 சட்டம் புகையிலையிலிருந்து வந்த பொருளைத்தான் "புகையிலைப் பொருள்" என்றது. எங்கள் நிகோட்டின் ஆய்வகத்தில் செய்தது, இலையிலிருந்து வந்ததல்ல என்று சொல்லிச் சிலர் நழுவினார்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, எந்த மூலத்திலிருந்து வந்த நிகோட்டினும் எஃப்.டி.ஏ அதிகாரத்துக்குள் என்று கொண்டுவந்தது 2022 ஏப்ரல் 14 முதல்தான். ஆக, கருவியின் வடிவத்தை வைத்து எழுதினால் வடிவம் மாறும், மூலத்தை வைத்து எழுதினால் மூலம் மாறும்.

இதிலிருந்து "எஃப்.டி.ஏ தோற்றுவிட்டது" என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள். பழம், இனிப்புச் சுவைத் திரவங்களுக்கான விண்ணப்பங்களை அது நிராகரித்ததை எதிர்த்த வழக்கில், 2025 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக எஃப்.டி.ஏ பக்கம் தீர்ப்பளித்தது. அனுமதி தரும் வாசல் இறுக்கமாகத்தான் இருக்கிறது. அனுமதியே கேட்காமல் இறக்குமதியாகும் சரக்கைப் பிடிப்பதில்தான் ஒழுகுகிறது.

ஆய்வகன்

எசன்ஸ் கேள்விக்கு வருகிறேன். உணவுச் சுவையூட்டிக்குத் தரும் "பாதுகாப்பானது" என்ற மதிப்பீடு வயிற்றுக்குள் போவதற்கு மட்டுமே. விழுங்கியது குடலையும் கல்லீரலையும் தாண்டித்தான் ரத்தத்துக்கு வர வேண்டும். மூச்சில் இழுத்தது நேரே நுரையீரலின் மெல்லிய சவ்வில் படிகிறது, அங்கே அந்த வடிகட்டல் இல்லை.

நன்றாக ஆராயப்பட்ட உதாரணம் டையசெட்டைல், அதாவது வெண்ணெய் மணம். தின்றால் தொல்லையில்லை. 2000-ல் மிசோரி மாநிலத்தில் மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களுக்குச் சிறு மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைத்துக்கொண்ட நோய் தெரியவந்தது. அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்ததே காரணம். அமெரிக்கத் தொழிலிட ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு, 8 மணி நேரச் சராசரியாக 100 கோடி பங்கு காற்றில் வெறும் 5 பங்கு. அதற்கு மாற்றாக வந்த 2,3-பென்டேன்டையோனும் அதே குடும்பம்தான், அதற்கு 9.3 பங்கு.

பெயரைச் சொல்லித் தடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அசிட்டாயின் என்ற இன்னொரு வெண்ணெய் மணப்பொருள் பாட்டிலில் இருக்க இருக்கத் தானாகவே டையசெட்டைலாக மாறுகிறது. நிகோட்டின் காரத்தன்மை உள்ளது, அது இந்த மாற்றத்தை முடுக்கிவிடும். வெனிலின், சின்னமால்டிஹைடு, செர்ரி மணம் தரும் பென்சால்டிஹைடு ஆகியவை திரவத்தின் அடிப்படையான புரோபிலீன் கிளைக்காலோடு சேர்ந்து அசிட்டால் என்ற புதுச் சேர்மங்களைத் தருகின்றன. மூச்சுப்பாதையின் எரிச்சல் உணர்விகளை இவை தூண்டுவது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. உற்பத்தியாளர் தரும் மூலப்பொருள் பட்டியலில் இவற்றின் பெயரே இருக்காது, ஏனென்றால் யாரும் ஊற்றவில்லை, பாட்டிலுக்குள் உருவானவை. எனவே அடைத்த அன்று எடுத்த பரிசோதனை அறிக்கை போதாது. காலாவதி நெருங்கும் பாட்டிலிலும் சோதிக்க வேண்டும், காயிலில் (கருவியின் சூடேற்றும் கம்பிச்சுருளில்) சூடேற்றிய புகையையும் சோதிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: 2019-ல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்பைச் சுவையூட்டிக்கு எதிரான சான்றாக எழுதிவிடாதீர்கள். அதில் முதன்மைக் குற்றவாளி, பெரும்பாலும் கள்ளச்சந்தைக் கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் இ அசிட்டேட்.

கரையோரம்

நெதர்லாந்து விதியை அவசியம் பாருங்கள், நான் பார்த்தவற்றில் சிறந்த வாசகம். "புகையிலைச் சுவை மட்டும்" என்று எழுதினால் மணம் எப்படி இருக்கிறது என்று முகர்ந்து பார்த்து வழக்காட வேண்டிவரும். அவர்கள் நேர்மாறாகப் போனார்கள். ஐரோப்பிய விதிப்படி, விற்பனைக்கு 6 மாதம் முன்பே ஒவ்வொரு திரவத்தின் மூலப்பொருளையும் அளவோடு பதிவு செய்ய வேண்டும். அந்தத் தரவிலிருந்து, புகையிலைச் சுவைத் திரவங்களில் உண்மையில் சேர்ப்பவை எவை என்று எடுத்து, தீங்கானவற்றைக் கழித்து, 16 பொருள்களை மட்டும் அனுமதித்தார்கள். பட்டியலில் இல்லையென்றால் போடக் கூடாது, அவ்வளவுதான். 2024 தொடக்கத்திலிருந்து கடைகளுக்கும் இதுதான் விதி. ஆய்வகம் மூலக்கூற்றைக் கண்டுபிடித்தால் போதும், மணம் பற்றி வாதமே எழாது.

சீனாவும் இதே வழிதான்: 2022 அக்டோபர் முதல் 101 சேர்பொருள்களின் பட்டியல், புகையிலை தவிர மற்ற சுவைகள் உள்நாட்டில் கிடையாது. ஆனால் ஏற்றுமதிச் சரக்கு போய்ச்சேரும் நாட்டின் விதிக்குத்தான் கட்டுப்பட வேண்டும், அங்கே விதியே இல்லாவிட்டால்தான் சீனத் தரம். உலகத்தின் பழச்சுவை வேப்கள் பெரும்பாலும் ஷென்ஜென் பக்கமிருந்து வருவதை இத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

கலவை ஓட்டையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் நிகோட்டின் உள்ள பாட்டில் 10 மில்லிக்கு மேல் கூடாது, ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் உச்சம். உடனே சந்தையில் 60 மில்லி பாட்டிலில் நிகோட்டின் இல்லாத 50 மில்லி சுவைத்திரவம் வந்தது. 18 மில்லிகிராம் செறிவுள்ள 10 மில்லி நிகோட்டினை வாங்கி அதில் ஊற்றிக் குலுக்கினால் மில்லிக்கு 3 மில்லிகிராம். இரண்டு பாட்டிலும் தனித்தனியே சட்டப்படி சரி! எனவே "நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தனியே விற்கும் சுவைச்சாறு உட்பட" என்ற சொற்கள் விதியில் இருந்தே ஆக வேண்டும்.

பொதுநலன்24

மிக்க நன்றி. சிகரெட்டை விட நினைக்கும் பெரியவர்களுக்குச் சுவை உதவுகிறது என்ற வாதத்துக்கு என்ன இடம் கொடுப்பது?

வரைவாளர்

கனமான வாதம், ஒதுக்காதீர்கள். சுவைத் தடையால் சிலர் சிகரெட்டுக்கே திரும்பினால் பொதுநலனுக்கு நஷ்டம்தான். எஃப்.டி.ஏ இதற்கு வைத்த அளவுகோல்: புகையிலைச் சுவையைவிட இந்தச் சுவையால் பெரியவர்கள் கூடுதலாகச் சிகரெட்டை விடுகிறார்கள் என்று, பிள்ளைகள் பழக்கத்துக்கு அடிமையாகும் ஆபத்தை ஈடுகட்டும் அளவுக்கு, விண்ணப்பதாரரே காட்ட வேண்டும். 2024 ஜூனில் என்ஜாய் நிறுவனத்தின் மெந்தால் வகை இதைத் தாண்டியது. நியூசிலாந்து வேறு மாதிரி: பெட்டிக்கடையில் புகையிலை, புதினா, மெந்தால் மட்டும், மற்றவை தனி வேப் கடையில். பெயரிலும் கட்டுப்பாடு, கற்பனைப் பெயர் கூடாது, சுவையை நேராகச் சொல்ல வேண்டும்.

ஆய்வகன்

மெந்தால் என்றதும் குளிர்ச்சியூட்டிகளை விட்டுவிடாதீர்கள். டபிள்யூ.எஸ்-3, டபிள்யூ.எஸ்-23 என்பவற்றுக்குப் புதினா மணம் கிடையாது, ஆனால் தொண்டையில் குளிரைத் தரும் உணர்வியை அப்படியே தூண்டும், புகையின் காரலை மறைக்கும். கலிபோர்னியாவின் முதல் சுவைத் தடைச் சட்டம் "தனித்துத் தெரியும் சுவை அல்லது மணம்" என்றுதான் சொன்னது. 2022 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்ததும் இவற்றைச் சேர்த்த "மெந்தால் அல்லாத" சிகரெட்டுகள் கடைக்கு வந்தன. 2025 ஜனவரி முதல் குளிர்ச்சி உணர்வையும் வரையறைக்குள் சேர்த்திருக்கிறார்கள். பழைய, புதிய வரையறைகளை அருகருகே வைத்து உங்கள் கட்டுரையில் கொடுங்கள்.