அப்பா கண்டித்த விதம்: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். தம்பி ஏழாவது படிக்கும்போது ஞாயிறு பள்ளிக் காணிக்கைக் காசில் பம்பரம் வாங்கிவிட்டான். விஷயம் காதுக்கு வந்ததும் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பிரம்பு அலமாரி மேலேயேதான் கிடந்தது, எடுக்கவில்லை. "ஏல, ராத்திரி பேசுவோம்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். குடும்ப ஜெபம் முடிந்து நாங்கள் எழுந்தோம். அவனை மட்டும் பாயில் உட்காரச் சொன்னார்.

"காணிக்கை யாருக்குல குடுக்கது?"

"ஆண்டவருக்கு."

"அப்ப யாருகிட்டருந்து எடுத்திருக்க?"

தம்பி அழுதுவிட்டான். அழுது ஓயும்வரை அப்பா அவன் முதுகில் கை வைத்தபடி இருந்தார். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. தென்னைக்குத் தண்ணீர் ஊற்றி, அந்தக் கூலியைக் காணிக்கைப் பையில் அவனே போட வேண்டும் என்றார். கிணற்றில் இறைத்துக் கொடுத்தது அப்பாதான்.

---

அக்கா எழுதியதைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. நானும் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்ற பைபிள் நீதிமொழி (13:24) எங்கள் சபையில் எல்லா அப்பாக்களுக்கும் மனப்பாடம். கொலோசெயர் 3:21 அந்த அளவுக்குக் காதில் விழுவதில்லை. பிள்ளைகள் மனந்தளர்ந்துபோகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று அந்த நிருபத்தில் அப்போஸ்தலன் பவுல் பிதாக்களுக்கு, அதாவது தகப்பன்மாருக்கு, எழுதுகிறார். எபேசியர் 6:4லும் கோபப்படுத்தாமல் என்றுதான் தொடங்குகிறார், சிட்சையும் (கண்டிப்பும்) போதனையும் அதற்குப் பிறகுதான். ரோமச் சட்டம் பிள்ளைகள்மேல் தகப்பனுக்கு ஏறக்குறைய அளவில்லாத அதிகாரம் கொடுத்திருந்த காலம் அது. அந்தக் காலத்துத் தகப்பன்மாருக்கே இப்படிச் சொன்னார் என்றால் நாம் எம்மாத்திரம்!

---

எல்லாம் சரிதான், ஆனால் பொறுமை என்று சொல்லிக் கண்டும் காணாமல் இருந்துவிடவும் கூடாது. பைபிளில் வரும் ஆசாரியனாகிய ஏலி, தப்பு செய்த தன் மகன்களிடம் பேசத்தான் செய்தார், அடக்கவில்லை. அதைத்தான் கர்த்தர் குற்றமாகச் சொன்னார் (1 சாமுவேல் 3:13).

எங்கள் மூத்தவன் டியூஷனுக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டுச் சுற்றினான். என் வீட்டுக்காரர் போனை வாங்கி வைத்துக்கொண்டார். பையன் கத்தினான், கதவை அறைந்து சாத்தினான். இவர் குரலை உயர்த்தவும் இல்லை, போனைத் திருப்பித் தரவும் இல்லை. தினமும் சாப்பிட்டதும் "வாடா, ஒரு நடை போய்ட்டு வரலாம்" என்று கூப்பிடுவார். முதலில் முறைத்துக்கொண்டே போனவன், அப்புறம் கணக்குப் பாடம் ஒன்றுமே புரியவில்லை, அதனால்தான் போகவில்லை என்று வாயைத் திறந்தான். இப்போது அவரே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார். போன் பரீட்சை முடிந்த பிறகுதான்.