குடல்வால் நார்மல், ஆனாலும் வலது அடிவயிற்று வலி: சி.டி.யில் எதைத் தேடுவது?

தொண்டி டூட்டி டாக்டர்
வலது அடிவயிற்று வலி, லேசான காய்ச்சல், வெள்ளையணு கூடுதல். அல்ட்ராசவுண்டில் வாயு மறைக்கிறது. சி.டி.யில் குடல்வால் நார்மல். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மட்டும் சுவர் தடிப்பு, சுற்றிலும் கொழுப்பு கலங்கல். டி.பி., டைபாய்டு தவிர எதை யோசிப்பது? குடிக்கக் கான்ட்ராஸ்ட் (ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும் மருந்து) கொடுத்துத்தான் இங்கே ஸ்கேன் எடுக்கிறார்கள். சரிதானா?

ராமநாதபுரம் ரேடியாலஜிஸ்ட்
நம்ம கடற்கரையில் மீன் முள்ளைத் தேடாமல் ரிப்போர்ட் எழுதக்கூடாது, டாக்டர். சூடையும் முரலும் தினம் சாப்பிடுகிற ஊர். கேட்டால் "முள்ளெல்லாம் முழுங்கலையே" என்பார்கள். முழுங்கியது பெரும்பாலும் நினைவிருக்காது, அந்தப் பதிலை நம்பி விட்டுவிடாதீர்கள்.

குடிக்கிற கான்ட்ராஸ்ட் வேண்டவே வேண்டாம். அதுவும் வெள்ளை, முள்ளும் வெள்ளை. குடல் நிறைந்தால் முள் மறைந்துபோகும். முதலில் ப்ளெயின் (கான்ட்ராஸ்ட் இல்லாத ஸ்கேன்), பிறகு நரம்பில் கான்ட்ராஸ்ட் ஏற்றி 70 விநாடியில் ஒரு ஸ்கேன். 5 மி.மீ. ஸ்லைஸில் (வெட்டுப் படத்தில்) மெல்லிய முள் மங்கிவிடும். 1 மி.மீ.க்கு ரீகன்ஸ்ட்ரக்ட் செய்து (படத்தை மறுபடி உருவாக்கி), எலும்பு தெளிவாகத் தெரியும் போன் விண்டோவில், கொரோனல் (முன்பக்கத்திலிருந்து பார்க்கும் வெட்டு), சாஜிட்டல் (பக்கவாட்டு வெட்டு) இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். ஆக்ஸியலில் (உடலின் குறுக்கு வெட்டில்) குறுக்கே வெட்டுப்பட்ட முள் வெறும் வெள்ளைப் புள்ளி. சுண்ணாம்பு படிந்த நெறி (நிணநீர் முடிச்சு) என்று தாண்டிவிடுவோம். கொரோனலில் அதே புள்ளி நீண்ட கோடாகி, ஒரு முனை குடல் சுவரைக் குத்தி வெளியே நிற்கும்.

வெளியே காற்று இல்லை, அதனால் ஓட்டை இல்லை என்றும் முடிவு கட்டாதீர்கள். முள் மெதுவாகத்தான் துளைக்கும். அதற்குள் ஒமென்டம் (குடலை மூடியிருக்கும் கொழுப்புப் படலம்) வந்து ஒட்டி அடைத்துவிடும்.

பரமக்குடி சி.டி. டெக்னீஷியன்
ஃபிலிமை மட்டும் வாங்கிப் போகாதீங்க சார். அதில் தடித்த ஸ்லைஸ்தான் இருக்கும். மெல்லிய ஸ்லைஸோடு டைகாம் டிஸ்க் (ஸ்கேன் படங்கள் உள்ள சி.டி. வட்டு) அன்றைக்கே கேளுங்க. மெஷினில் ரா டேட்டா (ஸ்கேனின் மூலப் பதிவு) அழிந்துபோனால் மறுபடி 1 மி.மீ. எடுக்க வழியில்லை.

சர்ஜன், கீழக்கரை
கத்தி வேண்டாத கேஸும் உண்டு. ஒரே விரலால் இடது அடிவயிற்றைக் காட்டுவார், காய்ச்சல் இருக்காது. பெருங்குடலை ஒட்டி 1.5–3.5 செ.மீ. நீள்வட்டக் கொழுப்பு, சுற்றி வெள்ளை வளையம், நடுவில் புள்ளி என்றால் எபிப்ளோயிக் அப்பெண்டஜைடிஸ் (பெருங்குடலில் தொங்கும் கொழுப்புத் துணுக்கின் அழற்சி). வலி மாத்திரை போதும். ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். வலது பக்கம், 5 செ.மீ.க்கு மேல், வளையம் இல்லை என்றால் ஒமென்டல் இன்ஃபார்க்ட் (ரத்த ஓட்டம் இல்லாமல் ஒமென்டத்தின் ஒரு பகுதி செத்துப்போவது).

வயிறு மெத்தென்று இருக்க, வலி மட்டும் தாங்க முடியாமல், நாடியும் தாறுமாறாக ஓடினால் குடல் ரத்தக்குழாய் அடைப்பு. ஆர்ட்டீரியல் ஃபேஸ் (கான்ட்ராஸ்ட் தமனியில் இருக்கும்போதே எடுக்கும் ஸ்கேன்) கட்டாயம் வேண்டும். கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் குடல் செத்துவிடும்.

தொண்டி டூட்டி டாக்டர்
நன்றி. கல்லீரல் இடது மடலில் சீழ்க்கட்டி, காரணம் தெரியவில்லை என்றால்?

ராமநாதபுரம் ரேடியாலஜிஸ்ட்
அங்கேயும் முள்தான் சந்தேகம். இரைப்பையைத் துளைத்து நேரே இடது மடலுக்குள் ஏறும். ப்ளெயினில் கட்டிக்குள் வெள்ளைக் கோடு இருக்கிறதா பாருங்கள். முள்ளை எடுக்காமல் சீழை மட்டும் வடித்தால் கட்டி திரும்பி வரும்.